விதியை வளைக்கும் ஆசான்கள்

காவிரிக் கரையில் வாழும் குடும்பங்களுக்கு நீச்சல் வெறும் விளையாட்டன்று, அது உயிர்க்காப்பு. குமாரபாளையத்திலும் எதிர்க்கரைப் பவானியிலும் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு ஆற்றிலும் தோட்டத்துக் கிணற்றிலும் நீந்தப் பழகினார்கள். மாமனோ, சிற்றப்பனோ, அடுத்த வீட்டு அண்ணனோதான் ஆசான். அந்த நீச்சலுக்கு நடுவர் இல்லை; பதக்கமும் இல்லை. கரை சேர்ந்தால் போதும்.

இன்றோ நிலைமை மாறியிருக்கிறது. நம் பிள்ளைகளுள் சிலர் அருகிலுள்ள நகரங்களின் நீச்சற் குளங்களுக்குச் சென்று முறையாகப் பயிற்சி பெறுகிறார்கள். பள்ளி, மாவட்டம், மாநிலம் எனப் போட்டிகள் படிப்படியாக உயர்கின்றன. ஒரு நொடியை நூறு கூறாக்கி அளக்கும் கடிகாரம் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. போட்டியில் பெறும் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு வீரருக்கான இடத்தைப் பெற்றுத் தரக்கூடும். விசைத்தறியில் இரவும் பகலும் உழைக்கும் தந்தைக்கு இது சிறு காரியமா? ஆகவே பயிற்சியாளரின் சொல்லுக்கு வீட்டில் தனி மதிப்பு உண்டாகிவிடுகிறது. விடியற்காலை நாலரை மணிக்குப் பிள்ளையை எழுப்பச் சொன்னால் எழுப்புகிறோம். இன்னதை உண்ணக் கொடு என்றால் கொடுக்கிறோம். இந்தத் தாளில் கையொப்பமிடு என்றால் இட்டும் விடுகிறோம்.

இத்தகைய நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், வெற்றிக்காக விதியைச் சற்றே வளைக்கத் துணிந்தால் என்ன நேரும்? அதன் விலையை யார் கொடுப்பார்? இவ்வினாக்களையே இம்மாதம் நம் குடும்பங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

திறமை எது, வஞ்சனை எது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பயிற்சியாளர் காட்டும் புதுமை எல்லாம் குற்றமாகாது. 1988ஆம் ஆண்டு சோல் நகர ஒலிம்பிக் போட்டியில், மல்லாந்து நீந்தும் 100 மீட்டர் போட்டியில், அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப், ஜப்பானின் டாய்ச்சி சுசுகி ஆகிய இருவரும் புதிய முறையொன்றைக் கையாண்டனர். தொடக்கத்திலேயே நீரின் மேற்பரப்புக்கு வராமல், கால்களை ஒருசேர அசைத்து நெடுந்தூரம் நீருக்கடியிலேயே சென்றனர். சுசுகி தங்கமும் பெர்காஃப் வெள்ளியும் வென்றனர். அன்றைய விதியில் அதற்குத் தடை இல்லை. எல்லாருடைய கண்ணெதிரிலும் அதைச் செய்தார்கள். பின்னர் உலக நீச்சல் அமைப்பு நீருக்கடியில் செல்லும் தூரத்துக்கு எல்லை வகுத்தது. இன்று அந்த எல்லை 15 மீட்டர். விதி மாறியது, வீரர்கள் பணிந்தார்கள். இதில் வஞ்சனை ஏதுமில்லை.

இதனோடு மற்றொரு நிகழ்ச்சியை ஒப்பிடுவோம். 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மார்பு நீச்சலில் தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டெர் பர்க் 58.46 நொடிகளில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். அந்நீச்சலில் தொடக்கத்திலும் திரும்பும்போதும் டால்ஃபின் மீனைப்போல் இரு கால்களையும் சேர்த்து ஒருமுறை மட்டுமே உதைக்கலாம் என்பது விதி. அதற்கு மேலும் உதைத்ததைப் பின்னர் அவரே செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். மற்றவர்களும் செய்கிறார்கள், செய்யாவிடில் பின்தங்கிவிடுவோம் என்பதே அவர் தந்த விளக்கம். நீர்மட்டத்துக்கு மேலே நின்ற நடுவரின் கண்ணுக்கு அது தெரியவில்லை. நீருக்கடியில் எடுக்கப்பட்ட படத்தைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் வழக்கம் அப்போட்டியில் இல்லை. பதக்கம் அவரிடமே இருக்கிறது.

குறிப்பிட்ட அந்த வீரரின் பயிற்சியாளரைப் பற்றி நாம் எதுவும் கூறவில்லை. பொதுவாக ஒன்று மட்டும் கேட்கிறோம். தன் மாணவன் நீருக்கடியில் எத்தனை முறை உதைக்கிறான் என்பதை அறியாத பயிற்சியாளர் உலகில் உண்டா? நாள்தோறும் பல ஆயிரம் மீட்டர் நீந்தச் செய்து, ஒவ்வோர் அசைவையும் எண்ணித் திருத்துபவர் அவரே அன்றோ?

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வேற்றுமையை எளிய உரைகல் ஒன்றினால் அறியலாம். நடுவரை அருகே அழைத்து, "இதோ, நாங்கள் இப்படித்தான் செய்யப்போகிறோம்" என்று சொல்லிவிட்டுச் செய்ய முடியுமா? முடியுமானால் அது திறமை. நடுவரின் கண் வேறு பக்கம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டுமானால் அது வஞ்சனை.

ஒழுக்க இறையியலில் 'எபிக்கேயா' என்றொரு கருத்து உண்டு. சட்டத்தின் சொல்லைக் கடைப்பிடிப்பதால் சட்டத்தின் நோக்கமே கெட்டுப்போகும் அரிய வேளையில், சட்டம் இயற்றியவரின் கருத்தை அறிந்து, பொதுநன்மைக்காகச் சொல்லை விட்டு விலகுவது நற்பண்பே எனப் புனித தோமா அக்குவினார் விளக்குகிறார். விதியை வளைப்போர் சிலர் இத்தகைய பெருந்தன்மையையே தாமும் காட்டுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். எவருடைய பொதுநன்மை இங்கே காக்கப்படுகிறது? பக்கத்துத் தடத்தில் விதிப்படி நீந்திய பிள்ளையின் நன்மையா? போட்டி விதியின் நோக்கமே எல்லாரையும் சமமாக நிறுத்துவது. அதனை வளைப்பவர் சொல்லையும் மீறுகிறார், நோக்கத்தையும் அழிக்கிறார்.

நீல மாத்திரையின் வரலாறு

சிறு வளைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நீச்சல் வரலாறே சான்று கூறுகிறது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் நீச்சலில் கிழக்கு ஜெர்மனியின் பெண்கள் ஒரு தங்கமும் பெறவில்லை. நான்கே ஆண்டுகள் கழித்து, 1976இல் மான்ட்ரியால் நகரில், பெண்களுக்கான 13 நீச்சல் போட்டிகளுள் 11இல் அவர்களே தங்கம் வென்றனர். உலகம் வியந்தது. அவ்வீராங்கனைகளின் ஆண்மை கலந்த தோளும் தடித்த குரலும் ஐயத்தை எழுப்பின. ஐயத்தை வெளிப்படையாகக் கூறிய அமெரிக்க வீராங்கனை ஷெர்லி பாபஷாஃப், தோல்வியைப் பொறுக்கமாட்டாதவர் எனச் செய்தித்தாள்களால் பழிக்கப்பட்டார். அப்போட்டியில் அவர் பெற்றவை நான்கு வெள்ளியும், தொடர் நீச்சலில் ஒரு தங்கமும்.

உண்மை பின்னரே வெளிவந்தது. 1974 முதல் அந்நாட்டின் அரசே இரகசியத் திட்டமொன்றை நடத்திவந்தது. ஆண்மைச் சுரப்பைப்போல் செயற்படும் 'ஓரல் டுரினபோல்' என்னும் மருந்து, சிறிய நீல மாத்திரை வடிவில் வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டது. வளரும் பருவத்துச் சிறுமியர்க்கும் அது கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 பேர் இத்திட்டத்துக்கு ஆளானதாக மதிப்பிடுகிறார்கள். மாத்திரையைப் பிள்ளைகளின் கையில் வைத்தவர்கள் யார்? பெரும்பாலும் அவர்கள் தந்தைக்கு நிகராக நம்பியிருந்த பயிற்சியாளர்களே. "இது வைட்டமின்; விழுங்கு" என்றார்கள். பிள்ளைகள் விழுங்கினார்கள். பெற்றோர்க்கு ஒன்றும் சொல்லப்படவில்லை.

1990இல் அந்நாடு மேற்கு ஜெர்மனியோடு இணைந்த பின்னர், வெர்னர் ஃபிராங்க என்னும் அறிவியலாரும் அவருடைய மனைவியும் முன்னாள் வீராங்கனையுமான பிரிகிட்டே பெரெண்டாங்கும் மறைக்கப்பட்ட ஆவணங்களைத் தேடி எடுத்து வெளியிட்டனர். 1998இல் பெர்லின் நீதிமன்றத்தில் பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு விளையாட்டுத் துறையின் முன்னாள் தலைவர் மான்ஃபிரெட் எவால்டுக்கு 22 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோர்க்கு உதவித்தொகை வழங்க ஜெர்மனி 2002இலும் 2016இலும் சட்டம் இயற்றியது.

அவ்வழக்கில் சாட்சி சொன்னவர்களுள் கிறிஸ்டியானே நாக்கே என்பவரும் ஒருவர். வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 100 மீட்டர் தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்த முதற்பெண் அவரே. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றவர். தமக்கு மருந்து கொடுத்த பயிற்சியாளரின் முன்னிலையில், அந்தப் பதக்கமும் நஞ்சூட்டப்பட்டதே என்னும் பொருள்படப் பேசி, அதை நீதிமன்றத் தரையில் எறிந்தார்.

அன்பார்ந்த பெற்றோரே, இந்தக் காட்சியைச் சற்றே மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இளமையெல்லாம் நீரில் கரைத்துப் பெற்ற பதக்கம் அது. அந்த வீராங்கனை உழைக்காமல் வெல்லவில்லை, விடியலில் எழுந்தார், தசை நோக நீந்தினார், பசியடக்கினார். எனினும் தம் வெற்றியில் எவ்வளவு தம்முடையது, எவ்வளவு மாத்திரையினுடையது என்று அவரால் இனி ஒருபோதும் சொல்ல முடியாது. ஆசான் அவரிடமிருந்து பறித்தது உடல்நலத்தை மட்டுமன்று. "இது என் உழைப்பு" என்று சொல்லும் உரிமையையும் பறித்துவிட்டார். எதிர்த்துப் போட்டியிட்ட ஷெர்லிக்கு இழைக்கப்பட்ட அநீதி பெரிது. சொந்த மாணவிக்கு இழைக்கப்பட்டதோ அதனினும் பெரிது.

நம் நாட்டின் நிலை

"அது அயல்நாட்டுக் கதை, சர்வாதிகார அரசின் கொடுமை" என்று ஒதுக்கிவிடலாமா? இயலாது. 2010இல் தில்லிக் காமன்வெல்த் போட்டிகளுக்குச் சில வாரங்களுக்கு முன், தடைசெய்யப்பட்ட ஊக்கப்பொருள் ஒன்று உடலில் இருந்ததாகக் கண்டறியப்பட்ட இந்திய வீரர்களுள் நீச்சல் வீரர்களும் இருந்தனர்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் வேதனைக்குரியது. 2010இல் காமன்வெல்த் போட்டியிலும் ஆசியப் போட்டியிலும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்று நாட்டையே மகிழ்வித்த வீராங்கனையர் சிலர் உட்பட, ஆறு ஓட்ட வீராங்கனைகள் 2011இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர். தாங்கள் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றும், உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகரோட்னிக் வாங்கித் தந்த ஜின்செங் என்னும் சத்துப்பொருளில் அது கலந்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். மத்திய விளையாட்டு அமைச்சர் பயிற்சியாளரைப் பதவிநீக்கம் செய்தார். நீதியரசர் முகுல் முட்கல் விசாரணை நடத்தினார். முதலில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2012இல் பன்னாட்டு விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை ஈராண்டாக உயர்த்தியது.

பயிற்சியாளர் அறிந்தே தவறு செய்தார் என்று நாம் தீர்ப்பிடவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஊக்கமருந்துச் சட்டம், "யார் கொடுத்தது?" என்று முதலில் கேட்பதில்லை, "யாருடைய உடலில் இருந்தது?" என்றே கேட்கிறது. கொடுத்தவர் வேறொரு வேலையைத் தேடிக்கொள்ளலாம். விழுங்கியவரோ தம் இளமையின் இரண்டு ஆண்டுகளை இழக்கிறார், பெயரையும் இழக்கிறார். ஆகவே ஆசானின் அசட்டையும்கூட மாணவருக்குத் தண்டனையாக முடிகிறது.

பிறந்த நாளைத் திருத்துதல்

மாத்திரையைவிட நம் ஊர்களுக்கு இன்னும் அருகிலுள்ள சோதனை ஒன்று உண்டு. அதுவே வயதைக் குறைத்துக் காட்டுவது.

சிறுவர் நீச்சல் போட்டிகள் வயதுப் பிரிவுகளாக நடைபெறுகின்றன. இதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பருவத்தில் ஒரு பையன் ஓராண்டிலேயே எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிடக் கூடும். கை நீள்கிறது, தோள் விரிகிறது, மூச்சு பெருகுகிறது. பதினான்கு வயதுப் பையனைப் பன்னிரண்டு என்று சொல்லி இறக்கிவிட்டால், பயிற்சி எதுவும் இன்றியே அவன் முந்திவிடுவான். பெயர் பயிற்சியாளருக்கு. அப்பெயரைக் கேட்டு இன்னும் பத்துப் பிள்ளைகள் அவரிடம் சேருவார்கள்.

இந்திய விளையாட்டுத் துறையில் இத்தீமை பரவலாக இருந்தமையால், மத்திய அரசு 2010ஆம் ஆண்டிலேயே வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே படமெடுத்து வயதை மதிப்பிடும் முறையும் கையாளப்படுகிறது. எனினும் அது மதிப்பீடே. சற்று முன்பின்னாகக் கூடும். இறுதியில் உண்மையை அறிந்தவர்கள் பெற்ற தாயும் தந்தையுமே.

இங்கே பங்குத் தந்தையரின் பொறுப்பும் வருகிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தை பிறந்த நாளையும் இடத்தையும் குறிக்க வேண்டும் என 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877ஆம் பிரிவு பணிக்கிறது. அந்நூலைத் துணையாகக் கொண்டு "ஓராண்டு குறைத்துச் சான்று தரலாகாதா, சாமி?" என்று கேட்போர் எக்காலத்தும் உண்டு. பயிற்சியாளர் சொல்லியனுப்பினார் என்பார்கள். பீடத்தின் முன்னே எழுதப்பட்ட உண்மையைக் குளத்துப் பதக்கத்துக்காக மாற்றி எழுத எவருக்கும் அதிகாரம் இல்லை. போலிச் சான்று ஆக்குவது நாட்டுச் சட்டப்படியும் குற்றம்.

இம்மோசடியினால் இழப்பு யாருக்கு? நான்காவதாக வந்து, மூன்றாம் இடத்தை இழந்து, "எனக்குத் திறமை இல்லை போலும்" என்று நீச்சலையே விட்டுவிடும் உண்மையான பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் இழப்பு. பொய் வயதில் வென்றவனுக்கும் இழப்பே. வயதுப் பிரிவுகள் முடிந்து எல்லாரோடும் நீந்த வேண்டிய நாள் வரும்போது, அவனுடைய வளர்ச்சியின் முந்துதல் மறைந்துபோகும். அதுவரை எளிய வெற்றியே பெற்று வந்தவன் தோற்கப் பழகியிருக்கமாட்டான். பள்ளிச் சான்று, ஆதார், கடவுச்சீட்டு என ஒவ்வொன்றிலும் அப்பொய் அவனைத் தொடரும். எல்லாவற்றிலும் கொடியது, தன் தாயும் தந்தையும் ஆசானும் கூடிப் பொய்யெழுதினார்கள் என்பதை அவன் அறிந்திருப்பதே. தறியில் அறுந்த பாவு இழையை முடிச்சிடாமல் ஓட்டினால் துணி நெடுகிலும் கோடு விழும் என்பதை நம் ஊரார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று சாக்குகள்

"எல்லாரும் செய்கிறார்கள்" என்பது முதற்சாக்கு. எல்லாரும் செய்வதில்லை. செய்யாதவர் பேசாமலிருப்பதால் அவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. பலர் செய்வது உண்மையே ஆனாலும், அதற்கு மருந்து நடுவரிடம் முறையிடுவதும் விதியைத் திருத்தக் கோருவதும் ஆகும். மார்பு நீச்சலில் அந்த ஒரு டால்ஃபின் உதைக்கு இடம் தரப்பட்டதும் அவ்வாறே. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் எழுந்த வெளிப்படையான வாக்குவாதத்துக்குப் பின், 2005இல் உலக அமைப்பு விதியைத் திருத்தியது.

"பிள்ளையின் எதிர்காலத்துக்காகத்தான்" என்பது இரண்டாவது. வறிய குடும்பத்தின் ஏக்கத்தை நாம் அறிவோம். அதை எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் பொய்யின்மேல் பெறும் கல்லூரி இடம் வேறொரு வறிய பிள்ளையின் இடமே என்பதை எண்ணிப் பார்த்தோமா?

"சிறு வளைவுதானே?" என்பது மூன்றாவது. பெரிய வளைவு எதுவும் பெரியதாகத் தொடங்கியதில்லை. தடைசெய்யப்படாத சத்துமாவு, பிறகு பெயர் எழுதாத பொட்டலம், பிறகு ஊசி என்று போகிறது வழி. ஒவ்வொரு படியிலும் பிள்ளையின் கேள்வி கேட்கும் துணிவு குறைந்துகொண்டே வருகிறது.

இங்கே மற்றொன்றும் கூறவேண்டும். விதியை மதிக்கும் பயிற்சியாளர்கள் நம் நாட்டில் பலர். குறைந்த ஊதியத்தில், பனியிலும் வெயிலிலும் குளக்கரையில் நின்று பிள்ளைகளை ஆளாக்குகிறார்கள். குறுக்குவழி மறுத்த காரணத்தால் மாணவரை இழப்பவர்களும் அவர்களே. பிள்ளை தோற்றவுடன் வேறு பயிற்சியாளரைத் தேடி ஓடும் பெற்றோரே நேர்மையற்றவர்களை வளர்க்கிறார்கள் என்றால் அது மிகையாகாது.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. பயிற்சியாளரிடம் பிள்ளையைச் சேர்க்கும்போது, அவர் பெற்றுத் தந்த பதக்கங்களை மட்டும் கேளாமல், தோற்ற பிள்ளைகளை அவர் எவ்வாறு நடத்துகிறார் என்றும் விசாரியுங்கள்.

2. பெயர் எழுதாத பொடி, மாத்திரை, ஊசி எதையும் பிள்ளைக்குக் கொடுக்க விடாதீர்கள். தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆண்டுதோறும் புதுப்பித்து வெளியிடுகிறது. நம் நாட்டில் இப்பணிக்கென 'நாடா' என்னும் தேசிய முகமை இருக்கிறது. சளி, இருமல், ஆஸ்துமா மருந்து வாங்கும்போதுகூடப் பிள்ளை போட்டியில் கலந்துகொள்பவர் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நோய்க்கு அம்மருந்தே தேவையென்றால் முன்கூட்டியே அனுமதி பெற வழி உண்டு.

3. நிரப்பப்படாத தாளிலோ, தவறான பிறந்த நாள் எழுதிய தாளிலோ கையொப்பம் இடாதீர்கள்.

4. பயிற்சியாளர் "வீட்டில் சொல்லாதே" என்று கூறிய எதையும் உடனே வீட்டில் சொல்ல வேண்டும் எனப் பிள்ளைக்குக் கற்பியுங்கள். கிழக்கு ஜெர்மனியின் சிறுமியர்க்கு நேர்ந்த கேடு அந்த மௌனத்தில்தான் வளர்ந்தது.

5. தோற்று வரும் பிள்ளைக்கு அன்றிரவும் அதே சோறும் அதே முகமும் கிடைக்கட்டும்.

விளையாட்டைப் பற்றி 2018இல் வத்திக்கான் வெளியிட்ட ஏடு, ஊக்கமருந்தையும் ஊழலையும் இன்றைய விளையாட்டின் பெருஞ்சவால்களுள் எண்ணுகிறது. விதிப்படி போட்டியிடாதவனுக்கு வாகை இல்லை என்னும் கருத்தைப் புனித பவுலும் தம் சீடர் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் நினைவூட்டுகிறார். பவுல் காலத்து வாகை வாடிப்போகும் இலைகளால் ஆனது. நம் காலத்துப் பதக்கம் வாடாது; பல ஆண்டுகள் சுவரில் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளையின் மனம் என்ன சொல்லும் என்பதே கேள்வி.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை நீச்சற் பயிற்சிக்கு அனுப்பவிருக்கும் குடும்பங்கள், இக்கட்டுரையை இரவுச் செபத்துக்குப் பின் ஒன்றாக அமர்ந்து படித்துப் பேசுமாறு வேண்டுகிறோம். பேச்சின் முடிவில் பிள்ளையிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "நீ கடைசியாக வந்தாலும் எங்களுக்குச் சம்மதம், பொய்யாக மட்டும் முதலில் வராதே." அச்சொல்லைப் பெற்றோரிடமிருந்து கேட்ட பிள்ளையை எந்தப் பயிற்சியாளரும் எளிதில் வளைத்துவிட முடியாது.